சிவகங்கை ஜமீன் வழக்கு (1829–1863): வழக்காடியோர் நிலையிலிருந்து ஒரு நோக்கு

1.0 முன்னுரை

சட்ட வரலாறு பெரும்பாலும் தீர்ப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தீர்ப்பை வேண்டி நீதிமன்றப் படியேறியோர் எவ்வழியில் சென்றனர், எங்கே தடைப்பட்டனர் என்பன அத்துணை ஆராயப்படவில்லை. ‘காத்தம நாச்சியார் எதிர் சிவகங்கை ராஜா’ எனச் சட்ட மாணவர் நன்கறிந்த வழக்கை வழக்காடியோர் நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.0 வழக்கின் தோற்றம்

மருது சகோதரர்களுக்கு எதிரான போர் நடந்த 1801ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனி கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அமர்த்தியது. 1803இல் அவருக்கு நிரந்தர சன்னது வழங்கப்பட்டது. அவர் 1829இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அவருக்கு முன்னரே இறந்துபோன உடன்பிறந்தாரின் மகன் ஜமீனைக் கைக்கொண்டார். கௌரி வல்லபரின் மனைவியருள் மூவர் அப்போது உயிருடன் இருந்தனர், பெண்மக்களும் இருந்தனர். உரிமை தமக்கே உரியதென இவ்வழியினர் தொடுத்த வழக்குகளே பின்னர் இலண்டன் வரை சென்றன.

3.0 எக்கேள்வியைக் கேட்பது?

கைம்பெண்ணின் உரிமை, சகோதரர் இருவரும் பாகம் பிரிந்திருந்தனரா என்னும் ஒரே கேள்வியைச் சுற்றியே நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. பிரிந்திருப்பின் மனைவிக்குச் சொத்து. பிரியாக் குடும்பமாயின் உடன்பிறந்தாரின் மகனுக்கு. இதுவே அன்று பலரும் ஏற்ற நெறி. ஆகவே கைம்பெண்ணருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார், பாகப்பிரிவினை நிகழ்ந்தது என்பதை மெய்ப்பிக்க முயன்றார். பிரிவினைப் பத்திரம் இல்லாத குடும்பத்தில் பல்லாண்டுகளுக்கு முந்திய நடப்பைச் சாட்சிகளின் வாய்மொழியால் நிறுவுவது எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும். 1847இல் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது.

சிவகங்கை ஜமீன் மூதாதையர் வழிவந்த சொத்தன்று. கம்பெனி கௌரி வல்லபருக்கெனத் தனியே அளித்தது. அஃது அவருடைய சுயார்ஜிதம் என்பதில் பெரிய சர்ச்சை எழவில்லை. எவரும் மறுக்காத இவ்வுண்மையே இறுதியில் வழக்கை முடிவு செய்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வாதிகளின் கையிலிருந்த வலுவான கருவி நெடுங்காலம் பயன்படாமலே கிடந்தது எனலாம்.

4.0 மன்றங்களும் மரணமும்

வழக்காடியோர் எதிர்கொண்ட இடர் எதிர்த்தரப்பு மட்டுமன்று. வழக்கு நடந்த காலத்திலேயே மன்றங்களும் மாறின. 1802இல் தோன்றிய மாகாண நீதிமன்றங்கள் 1843இல் கலைக்கப்பட்டன. மேல்முறையீடுகளைக் கேட்ட சதர் அதாலத்தும் 1862இல் சென்னை உயர் நீதிமன்றத்துள் அடங்கியது.

மற்றோர் இடர் மரணம். 1847ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மீதான மேல்முறையீடு முடியுமுன் அங்கமுத்து நாச்சியார் காலமானார். அவருக்குப்பின் உரிமை கோரிய கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியாரின் முன் எழுந்த வினா இது: கைம்பெண் தோற்ற வழக்கு மகளையும் கட்டுப்படுத்துமா? கைம்பெண் தம் வாழ்நாள் வரைக்குமே சொத்தை அனுபவிப்பவர். எனினும் நீதிமன்றத்தில் அச்சொத்து முழுமைக்கும் அவரே பேராளர். ஆதலால் அவருக்கு எதிராக முறையாகப் பெறப்பட்ட இறுதித் தீர்ப்பு பின்வரும் வாரிசையும் கட்டுப்படுத்தும் எனப் பிரிவி கவுன்சில் கூறியது. ஆனால் அத்தீர்ப்பு அவருடைய வாழ்நாளில் இறுதி நிலையை அடையவில்லை. மேல்முறையீட்டைக் கைவிடாதிருந்தமையே மகளின் உரிமையைக் காத்தது.

5.0 1863ஆம் ஆண்டுத் தீர்ப்பு

குடும்பம் பிற வகையில் பிரியாததாகவே இருப்பினும், அதன் உறுப்பினர் ஒருவரின் சுயார்ஜிதம் தனிச்சொத்துக்குரிய வழியிலேயே செல்லும்; அதாவது, ஆண் மகவு இல்லாவிடத்து மனைவிக்கும், அவருக்குப்பின் மகளுக்கும் சேரும் என 1863இல் பிரிவி கவுன்சில் மிதாட்சர நெறியை விளக்கித் தீர்ப்பளித்தது. அதன்படி காத்தம நாச்சியார் ஜமீனைப் பெற்றார். பாகப்பிரிவினைக் கேள்வியில் வாதியின் தரப்பு வெல்லவில்லை, வழக்கில் வென்றது.

கௌரி வல்லபர் மறைந்து 34 ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன. அத்தீர்ப்பின் பயனைக் காண அங்கமுத்து நாச்சியார் இல்லை. அத்தோடும் பிணக்கு ஓயவில்லை. காத்தம நாச்சியாருக்குப்பின் எழுந்த வாரிசுரிமைப் போட்டியும் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1881இல் தீர்க்கப்பட்டது.

6.0 முடிவுரை

மலேசியாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற மேல்முறையீடுகள் 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழுமையாக நின்றன. சிங்கப்பூரில் 1994இல் நின்றன. ஆகவே கடல்கடந்த மன்றம் ஒன்றில் நியாயம் தேடிய இவ்வனுபவம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

சிவகங்கை வழக்கைப் பெண்ணுரிமையின் வெற்றியாக மட்டும் படிப்பது போதாது. உரிமை இருப்பது வேறு. அவ்வுரிமைக்கேற்ற கேள்வியை உரிய மன்றத்தில் உரிய காலத்தில் எழுப்புவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைப் பெண்களுக்கு 34 ஆண்டுகள் தேவைப்பட்டன. பொருளும் ஆளும் உடைய அரச குடும்பத்திற்கே இந்நிலை எனின், அவை இல்லாத எளியோர் எத்தனை பேர் முதற்படியிலேயே நின்றிருப்பர் என்னும் வினா எழுகிறது. அவர்களுடைய வழக்குகள் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெறுவதில்லை. சட்ட வரலாற்றை எழுதுவோர் அம்மௌனத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.