வர்ணமெட்டு

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்தால், ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்கும் பல்லவிக்கும் நடுவே, பொடியெழுத்தில், ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று ஒரு வரி இருக்கும். படிப்பவர் கண் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும். பாட்டைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தோ என்னவோ, பிற்காலப் பதிப்பாளர்களில் சிலர் அந்த வரியை உதிர்த்துவிட்டதும் உண்டு. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் அரசியல் கவிதை எவ்வாறு ஜனங்களின் ஹிருதயத்துக்குள் புகுந்தது என்ற சரித்திரத்தை ஒருவர் எழுதப் புகுந்தால், அவர் அந்தப் பொடியெழுத்து வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த வரியில் மிகுதியாக வரும் பெயர் நந்தனார் சரித்திரம். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கீர்த்தனைகளை இயற்றி முடித்து, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பலமுறை போய் நின்றதையும், இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் கொடுக்க மனம் இசையாத பிள்ளையவர்கள் நாளைக் கடத்தியதையும், ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப்போய்ப் பாயிரம் எழுதித் தந்ததையும் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணத்தின் மலைபோல் வீற்றிருந்த ஒருவரை அன்று கரைத்தது சொல் மட்டுமன்று. பண்ணையடிமை ஒருவன் சிதம்பரம் போக ஏங்கிய ஏக்கம் ஒரு மெட்டாகிக் காதில் விழுந்தது. காதுக்கும் நெஞ்சுக்கும் இடையில் இலக்கணம் நிற்கவில்லை.

பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்தார்: மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனை அதட்டி விரட்டும் ஆண்டை. அந்த அதட்டலுக்கு அவர் அமைத்த மெட்டு, கதாகாலட்சேபம் கேட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனப்பாடம். சுதேசியக் கிளர்ச்சி மூண்ட நாட்களில் சுப்பிரமணிய பாரதியார் அந்த மெட்டையே எடுத்துக்கொண்டார். சுயராஜ்யம் வேண்டும் என்று கேட்கும் பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் சொல்லும் பதிலாக ஒரு பாட்டை எழுதி, அதன் தலையில் நந்தன் சரித்திர வர்ணமெட்டு என்று குறித்தார். அந்தக் குறிப்பு செய்யும் வேலையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பாட்டு தொடங்கியவுடனே, வார்த்தை விளங்குவதற்கு முன்பாகவே, கேட்பவர் மனத்தில் நந்தன் கைகட்டி நிற்கிறான். துரை பேசப் பேச அவன் குரலில் ஆண்டையின் குரல் கேட்கிறது. கேட்பவர் தாமே அடிமை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. பத்துப் பிரசங்கங்கள் செய்ய முடியாத காரியத்தை ஒரு மெட்டு செய்து முடித்தது. சுதந்திரத்தின் பெருமையைச் சொல்லும் இன்னொரு பாட்டுக்கும், தில்லை வெளியிலே கலந்தவரைப் பற்றிய நந்தனார் கீர்த்தனையின் மெட்டையே அவர் தேர்ந்தார். முக்தியை நாடிய உள்ளம் எப்படித் திரும்பி வராதோ அப்படியே விடுதலையை நாடிய உள்ளமும் திரும்பாது என்பது, சொல்லில் பாதியும் மெட்டில் பாதியுமாக விளங்கிவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தங்களை நந்தனாக எண்ணிக் கண்ணீர் விட்ட சபையோரில் எத்தனை பேர், தங்கள் ஊர்ச் சேரியில் அதே காலத்தில் உயிரோடு இருந்த நந்தனுக்காகவும் கண்ணீர் விட்டார்கள்? மெட்டு கதவைத் திறந்தது; உள்ளே போனவர்கள் பாதி வழியிலே நின்றுவிட்டார்கள்.

பாரதியார் பாட்டின் வசப்பட்டவர்களில் அவருடைய அரசியல் கட்சியைச் சேராதவர்களும் இருந்தார்கள். மிதவாதிகளில் முதன்மையானவராக இருந்த மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், 1907இல் பாரதியார் பாடக் கேட்டு, மூன்று பாட்டுகளைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். தீவிரவாதிகளை மேடைதோறும் எதிர்த்தவர் அவர். மாயூரத்துத் திண்ணையில் நடந்ததே மயிலாப்பூரிலும் நடந்தது என்று சொல்லலாம்.

இதெல்லாம் படித்தவர் உலகம். அதற்கு வெளியே, சென்னைப் பட்டணத்துக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலிப் புத்தகங்கள் என்று வழங்கிய சிறு பிரசுரங்களின் உலகம் ஒன்று இருந்தது. எட்டுப் பக்கம், மட்டக் காகிதம், காலணா அல்லது அரையணா விலை. சந்தையிலும் திருவிழாவிலும் ரயில் வண்டியிலும், விற்பவனே பாடுவான், பாடினால்தான் விற்கும். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, எம்டன் கப்பல் 1914இல் சென்னை மேல் குண்டு வீசிய சிந்து என்று எது நடந்தாலும் அங்கே பாட்டாகிவிடும். திலகர் காலமானபோதும், 1931 மார்ச் 23இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோதும் அந்த மலிவுக் காகிதத்தில் அழுகை அச்சேறியது.

அந்த அழுகைக்கு மெட்டு எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். நம் கிராமத்துப் பெண்களுக்கு ஒப்பாரியை யாரும் உட்கார வைத்துக் கற்பிப்பதில்லை. எழவு வீட்டில், தோளோடு தோள் பிணைத்து வட்டமாக உட்கார்ந்து, தாயும் பாட்டியும் மாரடித்து அழுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த சிறுமி, தன் வீட்டில் சாவு விழும் நாளில் அதே இழுப்பில், அதே ஏற்ற இறக்கத்தில், தன் சொந்தச் சொற்களை வைத்து அழுகிறாள். இழந்த புருஷனையும் பெற்ற பிள்ளையையும் அழைத்தழைத்து அந்த இராகம் அவள் தொண்டையில் ஊறிக் கிடக்கிறது. அந்தச் சாயலில் பகத்சிங்கின் பெயரைச் சந்தைக்கடையில் ஒருவன் பாடினால், லாகூர் எங்கே இருக்கிறது என்று அறியாதவளுக்கும் அவன் அந்நியனாக இருக்க முடியாது. அவளுடைய சொந்தச் சாவுகளின் வரிசையில் அவனும் போய்ச் சேர்ந்துவிடுகிறான். நம் நாட்டில் அரசியல் துக்கம், வீட்டுத் துக்கத்தின் குரலை இரவல் வாங்கிக்கொண்ட பிறகே துக்கமாயிற்று.

நாடக மேடைக்காரர்களுக்கும் இந்த இரகசியம் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வள்ளி திருமணத்தில், தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டும் வள்ளியிடம் முருகன் வரும் கட்டம் எவ்வூர்ச் சபைக்கும் பழகிய ஒன்று. முருகனாக வேஷம் கட்டிய விசுவநாததாஸ், அந்தக் கட்டத்திலேயே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டைப் பாடுவார். கொக்கு யார் என்று கொட்டகையில் ஒருவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் வேண்டியதில்லை. சிறை அவருக்குப் பழகிப் போயிற்று. 1886இல் சிவகாசியில் நாவிதர் குலத்தில் பிறந்தவர் அவர். சாதியின் பெயரால் அவரோடு மேடையேற மறுத்தவர்களும் இருந்தார்கள். சர்க்காரின் தடையையும் சகோதரர்களின் தடையையும் ஒன்றாகச் சுமந்துகொண்டே பாடியவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தோடு, மேடையிலேயே உயிர் துறந்தார்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், 1910ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம், 1931இல் வந்த அவசர அதிகார அச்சுச் சட்டம் எல்லாம் கையில் இருந்தன. 1928இல் பாரதியார் நூல்களுக்கே தடை வந்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்துப் பேசினார். புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் நந்தனார் மெட்டை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்வது? 1930இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள், நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை அந்த யாத்திரைக்கென்றே எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே தஞ்சைச் சாலைகளில் போனார்கள். தொண்டர்களுக்குச் சோறிட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் அறிவித்திருக்க, சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின.

அப்படிப் பறிமுதலான சிறு புத்தகங்களில் பல, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. தொட்டால் ஓரம் பொடியும் காகிதம். சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். தலைப்பின் கீழே பொடியெழுத்தில் வர்ணமெட்டுக் குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு நந்தனார் சரித்திரத்தைச் சொன்னால் நாம் பாடிவிடலாம். என்றோ ஓர் ஊர்க் கொட்டகையில் ஒரு பருவம் ஓடி மறைந்த நாடகத்தின் பாட்டைச் சொன்னால், பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இராகத்தைக் கேட்டிருக்கக்கூடிய கிழவி யாராவது எந்த ஊரிலாவது இருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.