டார்ட்டன் பாவாடை

ஏற்காட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் என் பெட்டியில் டார்ட்டன் பாவாடை ஒன்று கட்டாயம் இருக்கும். சிவப்பில் பச்சைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பளித் துணி. சேர்வராயன் மலைக் குளிருக்கு வெகு இதம். "லுங்கியை வெட்டித் தைத்தாயா?" என்பார் நாத்தனார். "வெள்ளைக்காரன் மோகம்!" என்பார் அவர் கணவர்.

அந்த வெள்ளைக்காரனே தடுத்த துணி அது! ஸ்காட்லாந்து மலைநாட்டில் 1745-ல் மூண்ட கலகத்தை மறு ஆண்டு ஒடுக்கிய கையோடு, லண்டன் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு உடை அணிந்த ஆணுக்கு ஆறு மாதச் சிறை. மறுபடியும் அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். (பெண்களைச் சட்டம் தொடவில்லை, பாவாடைக்கு என்றும் பயமில்லை!) பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. பாட்டன் உடுத்த துணியைத் தானும் உடுத்த வேண்டுமானால், தன்னை வென்றவனுக்கே சிப்பாயாக வேண்டும். என்ன கொடுமை! அப்படிச் சேர்ந்த மலைநாட்டுப் பட்டாளத்தார் சிலர் 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் சிறைப்பட்டார்கள். தடை நீங்கியது 1782-ல்.

பின்பு 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை முன்னின்று நடத்தியவர் வால்ட்டர் ஸ்காட். எங்கள் தொழில்காரர், நாவலாசிரியர். தடை போட்ட காலத்து அரசரின் கொள்ளுப்பேரர் டார்ட்டன் உடுத்திக் கொலுவிருந்தார். அதன்பின் சீமையெங்கும் அதே மோஸ்தர்தான். குலத்துக்கொரு கட்டம் என்ற கணக்குக்கூடப் பெரும்பாலும் அந்தக் காலத்து ஏற்பாடே.

அப்போது சேலம் கலெக்டராக இருந்தவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான். காக்பர்ன் என்று பெயர். 1820 முதல் 1829 வரை பதவியிலிருந்தார். எடின்பரோவில் டார்ட்டன் அரண்மனை ஏறிய அந்தப் பத்தாண்டில், அவர் ஏற்காட்டு மலையில் காப்பிச் செடி நட்டுக்கொண்டிருந்தார்.