அயர்லாந்துப் பெரும்பஞ்சப் புலப்பெயர்வு

உருளைக்கிழங்கு நோயால் 1845இல் தொடங்கிய பஞ்சத்தை ஒட்டி அயர்லாந்திலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிய நிகழ்வு. ஏழைக் குத்தகைக் குடும்பங்கள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே கிழங்கு வகையை நம்பி வாழ்ந்தன. பூஞ்சை போன்ற நுண்ணுயிர் ஒன்று விளைச்சலை அழித்ததும் அவர்களுக்கு உண்ண வேறு வழியில்லை. ஆனால் நோய் மட்டுமே காரணமன்று. பஞ்சத்தின் நடுவிலும் தானியமும் கால்நடைகளும் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாயின; குத்தகை கட்ட முடியாதவர்களை நிலக்கிழார்கள் வீட்டைவிட்டே துரத்தினர். ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டதில் அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் ஆட்சியாளரின் பொறுப்பு பெரிது.

1847 மிகக் கொடிய ஆண்டு. வெளியேறியோரை ஏற்றிச் சென்ற நெரிசலான கப்பல்களில் டைபஸ் காய்ச்சல் பரவியது. கனடாவின் குரோஸ் ஈல் தீவில் மட்டும் அவ்வாண்டு 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர்.

பிழைத்தவர்கள் நியூயார்க், பாஸ்டன், லிவர்பூல் போன்ற நகரங்களில் கூலிவேலை செய்து, மிச்சம்பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்பினர். அந்தப் பணத்தில் தம்பி தங்கைகள் கப்பலேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னும் வெளியேற்றம் ஓயாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1841இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது; பழைய எண்ணிக்கையை அந்தத் தீவு இன்றுவரை எட்டவில்லை.