விட்டுப்போன வருடங்களும் ஓய்வூதியமும் - தஞ்சை டெல்டாவை முன்வைத்து ஒரு பார்வை

இங்கிலாந்தில் வேலை பார்த்த ஒருவருக்கு அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால், அவர் பெயரில் பொதுவாக 35 வருடங்களுக்குச் சந்தா பதிவாகியிருக்க வேண்டும். 10 வருடமாவது இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. 2016 ஏப்ரல் 6-க்குப் பிறகு ஓய்வு வயதை எட்டியவர்களுக்கான விதி இது. இடையில் வேலை இல்லாமலோ வெளிநாட்டில் இருந்தோ சில வருடங்கள் விட்டுப்போயிருந்தால், அந்த வருடங்களுக்கான சந்தாவைத் தானாக முன்வந்து கட்டிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். வழக்கமாகக் கடைசி 6 வருடங்களுக்குத்தான் இப்படிக் கட்ட முடியும். 2006 வரை பின்னோக்கிப் போய்க் கட்டலாம் என்று தந்த சிறப்புச் சலுகை 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முடிந்தது.

நம் ஊரில் இப்படி ஒரு வசதி உண்டா? இருந்தால் யாருக்கு? நெல்லை நம்பி வாழும் காவிரி டெல்டாவை வைத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கும்.

1952: ஒரே வருடம், இரண்டு சட்டங்கள்

1952-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு, காகிதம், ஜவுளி என்று முதலில் 6 தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளி தரும் ஒரு பங்கு, இரண்டும் அவர் பெயரில் சேரும். அதாவது அவருக்கு என்று ஒரு கணக்கு நம்பர் இருந்தது.

அதே 1952-இல்தான் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் அப்போது ஒரே மாவட்டம். நினைத்தபோது பண்ணையாளை வேலையை விட்டு நிறுத்துவதை அந்தச் சட்டம் தடுத்தது. வாரத்துக்கு உழுதவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வகுத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது அந்த வருடத்து வேலைக்கும் நெல்லுக்குமான பாதுகாப்பு. வயதான பிறகு என்ன என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. மில் தொழிலாளிக்கு பி.எப். கணக்கு தொடங்கிய அதே வருடத்தில், பண்ணையாளுக்கு அப்படி ஒரு கணக்கு தொடங்கப்படவில்லை. பின்னால் வந்த எல்லா வித்தியாசங்களுக்கும் இதுவே ஆரம்பம் எனலாம்.

1962: சந்தா இல்லாத பென்ஷன்

1962 ஏப்ரல் 1-இல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, முதியோர் பென்ஷன் திட்டம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1981-இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசும் இதில் சேர்ந்து, 75 ரூபாய் தர ஆரம்பித்தது. தமிழகத்தில் இந்தத் தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

இதில் சந்தா கிடையாது. அதனால் விட்டுப்போன வருடம் என்ற பேச்சே எழாது. ஆனால் வேறொன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது: தனக்கு ஆதரவு இல்லை என்பதை. 40 வருடம் நாற்று நட்டதற்கு எந்தப் பதிவும் இல்லை, அதை யாரும் கேட்பதும் இல்லை. கஷ்டத்தைத்தான் காட்ட வேண்டும். உழைப்புக்கான உரிமையாக இல்லாமல் உதவியாகவே இந்தப் பென்ஷன் பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம்.

1995: பின்தேதியிட்டுக் கட்ட ஒரு வாய்ப்பு

பி.எப். பக்கம் கதை வேறு மாதிரி போனது. 1971 மார்ச் 1-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் கிடைக்கும். அப்போது ஏற்கெனவே பி.எப்.பில் இருந்தவர்கள் விரும்பினால் சேரலாம். உயிரோடு ஓய்வு பெறுபவருக்கு அதில் மாதப் பென்ஷன் இல்லை என்பதால், பலருக்கு அது அவசியமாகத் தோன்றியிருக்காது.

1995 நவம்பர் 16-இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வந்து நிலைமையை மாற்றியது. இப்போது தொழிலாளிக்கே பென்ஷன். 1971-இல் சேராமல் விட்டவர்களுக்கும் ஒரு வழி திறந்தார்கள். அன்றிலிருந்து கட்டியிருக்க வேண்டிய பங்கை வட்டியோடு செலுத்தினால் 1971 முதலே சேர்ந்ததாகக் கணக்கு. 1993 ஏப்ரலுக்கும் 1995 நவம்பருக்கும் இடையில் ஓய்வு பெற்றவர்களும், வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பித் தந்து உள்ளே வரலாம். இங்கிலாந்து ஏற்பாட்டுக்கு இந்தியாவில் மிக நெருக்கமான உதாரணம் இதுதான்.

வருடக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தத் திட்டத்தின் சூத்திரத்தைப் பாருங்கள். சம்பளத்தை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 10 வருடம் என்றால் மாதம் சுமார் 2,143 ரூபாய். 20 வருடம் முடித்தால் 2 வருடம் போனஸாகச் சேர்ந்து சுமார் 4,714 ரூபாய். 9 வருடத்தோடு நின்றுவிட்டால் மாதப் பென்ஷன் இல்லை. வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிட்டவர் அந்த வருடங்களையும் சேர்த்தே இழக்கிறார். எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் வருடங்கள் உயிரோடு இருக்கும்.

பருவ வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல விதியும் உண்டு. வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடும் நிறுவனத்தில் வேலை செய்தவருக்கு, அந்தப் பருவமே ஒரு முழு வருடமாகக் கணக்கிடப்படும். இந்த நியாயம் வயலுக்குப் போய்ச் சேரவில்லை. நடவும் அறுப்பும் பருவ வேலைதான், ஆனால் அதைப் பதிந்து வைக்க ஒரு ஏடு இல்லையே!

2019: விவசாயிக்கும் சந்தா

2019-இல் இரண்டு திட்டங்கள் வந்தன. 2 ஹெக்டேர் (சுமார் 5 ஏக்கர்) வரை நிலமுள்ள விவசாயிக்குக் கிசான் மான்தன். அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஷ்ரம் யோகி மான்தன். இரண்டிலும் 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே அளவு தொகையை மத்திய அரசும் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய்.

40 வயதில் சேருபவர் 20 வருடத்தில் தன் பங்காகக் கட்டுவது 48,000 ரூபாய். இடையில் இரண்டு வருடம் கட்டவில்லை என்றால் பாக்கி 4,800 ரூபாய். அதை வட்டியோடு கட்டித் தொடரலாம். விட்டுப்போனதை நிரப்பும் வழி கடைசியில் வயல்வரை வந்துவிட்டது.

டெல்டாவில் ஏன் இரண்டு வருடம் விட்டுப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவைக்கு ஒழுங்காகத் தண்ணீர் வரும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து 8 வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-இல்தான் மறுபடி முடிந்தது. குறுவை போனால் கூலி போகிறது. கூலி போனால் முதலில் நிற்பது சந்தாதான்.

யாருடைய ஏடு காலி?

எப்போது வேண்டுமானாலும் மொத்தமாகக் கட்டி வருடங்களை வாங்கலாம் என்றால், எல்லோரும் கடைசி வருடத்தில் மட்டுமே கட்டுவார்கள், நிதி தாங்காது. வட்டியும் காலக்கெடுவும் அதற்காகத்தான். இது நியாயமான வாதமே.

ஆனால் இந்த வாதம், கட்ட வாய்ப்பிருந்தும் கட்டாமல் விட்டவருக்குத்தான் பொருந்தும். 2019-இல் 41 வயதைத் தாண்டியிருந்த ஒரு நடவுக்காரப் பெண்ணுக்கு அப்படியொரு வாய்ப்பு எப்போது இருந்தது? 1952-இல் அவர் பாட்டிக்குக் கணக்கு தொடங்கவில்லை. 1971-இலும் 1995-இலும் அவர் அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவருக்காகக் கதவு திறந்தபோது வயது கடந்துவிட்டது. அவர் ஏட்டில் நடுவில் சில பக்கங்கள் விடுபட்டுப்போகவில்லை, ஏடே தரப்படவில்லை.

அப்படிப் பார்த்தால் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன் தருமம் அல்ல. அரசும் நிலமும் சேர்ந்து அவர் பெயரில் கட்டாமல் விட்ட பல வருடச் சந்தாவின் ஒரு சிறு பாக்கி. அதைக் கேட்டு அலுவலகத்தில் நிற்பவரைக் கடன் கேட்க வந்தவராகப் பார்க்காமல், தன் பாக்கியை வாங்க வந்தவராகப் பார்ப்பதே சரியாக இருக்கும்.