பேரிகார்டு இடம் மாறிய கதை

ராத்திரி ஏழு மணிக்கு மேல் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் வாகனத் தணிக்கை என்றால், எந்த முக்கில் என்பது பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும். பேரிகார்டைப் போட்டு, முதல் பைக்கை ஓரங்கட்டி, கருவியை நீட்டி ‘ஊதுங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள், தாண்டிப் போனவர் எதிரே வருகிறவருக்கு ஹெட்லைட்டை அடித்துக் காட்டிவிடுவார். டாஸ்மாக்கிலிருந்து கிளம்புகிறவருக்குப் போன் போய்விடும். அவர் மெயின் ரோட்டை விட்டுத் தெருவுக்குள் திருப்பிவிடுவார். எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதற்கு ஒரு வழி உண்டா என்று ராஜஸ்தானில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

காவல் பணியைச் சோதனைக்கு உட்படுத்தும் யோசனைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1972-73இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி போலீஸ், 15 ரோந்துப் பகுதிகளை மூன்று பங்காக்கியது. ஒரு பங்கில் ரோந்து வழக்கம்போல. ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு. மற்றொன்றில் யாராவது கூப்பிட்டால் மட்டுமே வண்டி போகும். கடைசியில் குற்றக் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ரோந்து கூடினால் திருட்டு குறையும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. 1998இல் குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மன், ‘சான்று அடிப்படையிலான காவல் பணி’ என்று இந்தப் போக்குக்குப் பெயரே வைத்தார்.

இந்தியாவில் இதற்குக் கதவு திறந்தவர்களில் முக்கியமானவர், அப்போது ராஜஸ்தான் ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்த நீனா சிங். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களோடு சேர்ந்து, 2005 முதல் 2008 வரை 162 காவல் நிலையங்களில் சீர்திருத்தங்களைச் சோதித்தார். பயிற்சி கொடுத்ததும், ஆட்களை அடிக்கடி மாற்றாமல் இருந்ததும் பலன் தந்தன. வார விடுமுறை, பணிச் சுழற்சி போன்றவற்றுக்கு ஆணை போனதே தவிர, பல நிலையங்களில் சரிவர நடக்கவில்லை, பலனும் தெரியவில்லை.

அதே குழு அடுத்து எடுத்தது குடிபோதையில் வண்டி ஓட்டுவதை. எந்தக் காவல் நிலையத்தில் எந்த முறை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். சில நிலையங்களில் இருப்பதிலேயே நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்து எப்போதும் அங்கேயே தணிக்கை. சிலவற்றில் மூன்று இடங்களுக்கு மாறி மாறி. அனுபவஸ்தர்களைக் கேட்டிருந்தால், வண்டி அதிகம் போகும் இடத்தை விட்டு ஏன் நகர வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். முடிவோ நேர்மாறு. இடம் மாற்றி நின்ற பகுதிகளில் இரவு விபத்துகள் 17 சதவீதமும், இரவு விபத்துச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதால் சொல்லும்படியான பலன் இல்லை. நிலையான தணிக்கை எங்கே என்பதை ஓட்டுநர்கள் கற்றுக்கொண்டு வேறு சாலையில் போனார்கள். இடம் மாறியபோது அந்தக் கணக்கு அவர்களுக்குப் பிடிபடவில்லை.

நிலக்கோட்டை வட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கொடைரோடு வழியாக மதுரை–திண்டுக்கல் நான்குவழிச் சாலை போகிறது. பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விபத்து என்பதைக் காவலர்கள் செல்போன் செயலியிலேயே பதிவு செய்யும் ‘ஐராட்’ முறையும் இப்போது இருக்கிறது. அதை வடிவமைத்தது நம் சென்னை ஐ.ஐ.டி. மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்க அந்தப் பதிவே போதும்.

ராஜஸ்தானில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. மாவட்டத்தில் பாதி நிலையங்களில் செய்து, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ராஜஸ்தானில் பலனை அளந்தது விபத்தையும் சாவையும் வைத்து. இங்கே மேலதிகாரி காலையில் கேட்கும் முதல் கேள்வி ‘நேற்று எத்தனை கேஸ்?’ என்பதாக இருக்கும்வரை, எஸ்.ஐ. கேஸ் கிடைக்கிற முக்கை விட்டு நகர மாட்டார்.