பாளையும் வாக்கும்: காவிரிப் படுகையில் கள் கோரிக்கையின் தேர்தல் அரசியல்

தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் ஒருசேரத் தடை செய்யப்பட்டன. ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்த பிராந்தியும் ரம்மும் அந்தத் தடைக்குள் வரவில்லை. 2003 நவம்பரிலிருந்து அவற்றைச் சில்லறையில் விற்பதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே. 2024-25 நிதியாண்டில் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. இறக்கிய அன்றே குடிக்கும் கள்ளில் அது பெரும்பாலும் ஐந்தாறு விழுக்காட்டுக்குள் அடங்கும். மென்மையானதை இறக்குபவர் மீது வழக்கு, வன்மையானதற்கு அனுமதி என்ற இந்த நிலை நாற்பது ஆண்டுகளை நெருங்குகிறது. இதை மாற்றச் சொல்லும் குரல் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. ஆனால் தென்னையும் பனையும் உள்ள காவிரிப் படுகையில்கூட அது ஆட்சியை அசைக்கும் வாக்காகத் திரளவில்லை. கோரிக்கை அற்பமானது, எழுப்பும் கட்சி சிறியது என்ற இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் போதா. தன் இயல்பில் உழைப்பாளியின் கோரிக்கையான ஒன்று மர உடைமையாளரின் கோரிக்கையாக முன்வைக்கப்பட்டதே தடை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரி சிறு கட்சிகள் தளராமல் போட்டியிட்டு வந்துள்ளன. தமிழ்நாட்டில் அதற்கு நேர் இணையாகக் கஞ்சாவை எடுத்துக்கொள்ள முடியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. செடியின் பிசினையும் பூந்துணரையும் தடுத்து, தனித்த இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. வட மாநிலங்களில் பாங்கு விற்பனை நிலைப்பதற்கு இந்த விலக்கே காரணம். பாட்டியாலா மக்களவை உறுப்பினர் தரம்வீர் காந்தி அச்சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதாவுக்கு முயன்றார். சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் ஒரு தமிழ்நாட்டு வேட்பாளருக்கு அந்த வழியும் இல்லை. வேதாரண்யம் கடற்கரையில் இலங்கைக்குக் கடத்தப்படும் பொட்டலமாகவே படுகை மக்கள் கஞ்சாவை அறிவார்கள். ஊரில் அதை நம்பிப் பிழைக்கும் உழவரும் இல்லை. மதுவோ அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளது. சென்னைக் கோட்டையில் ஒரு சட்டத்திருத்தம் நிறைவேறினால் மறுநாளே கலயம் கட்டலாம். ஆகவே தடையை நீக்கக் கோரும் சிறு கட்சி அரசியலை இங்கு ஆராய விரும்புபவர் கள்ளைத்தான் ஆராய வேண்டும்.

வெற்றி நோக்கமில்லாமல் தேர்தலில் நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கே. பத்மராஜன் 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் மனுத்தாக்கல் செய்திருக்கிறார். எளியவரும் நிற்கலாம் என்று காட்டுவதைத் தாண்டிக் கொள்கைக் கோரிக்கை எதையும் அவர் முன்வைப்பதில்லை. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் உழவர்கள் தங்கள் குறைகளை உலகறியச் செய்ய எடுத்த வழியால் களத்தில் 1,033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க நேர்ந்தது; தேர்தல் தள்ளிப்போனது; திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார்; 88 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. அரசு அந்தக் குறைகளுக்கு விடை சொல்லவில்லை, வேட்பாளராகும் விலையை உயர்த்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பின்னர் 10,000 ஆனது. அங்கீகாரமற்ற கட்சியினரும் சுயேச்சைகளும் பத்து முன்மொழிவோரைக் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. எண்ணிக்கையால் திகைக்க வைக்கும் எதிர்ப்புக்கு அரசு எண்ணிக்கையாலேயே கதவை அடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. தோற்கும் வேட்பாளர் ஒரு கோரிக்கையை உயிருடன் வைக்கலாம். அதை நிறைவேற்ற வைப்பது அந்தக் கோரிக்கையின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே.

கள்ளுக்காக நிற்பவர்கள் யார்? தமிழ்நாடு கள் இயக்கத்தின் செ. நல்லசாமி, கள் ஓர் உணவு, அதை இறக்குவதும் பருகுவதும் உணவு தேடும் உரிமை என்று பல ஆண்டுகளாக வாதிடுகிறார். அது தடை செய்யத்தக்க போதைப்பொருள் என நிறுவுவோருக்குப் பத்துக் கோடி ரூபாய் பரிசு என்றும் அறிவித்தார். தேர்தல் களத்தில் இக்கோரிக்கையை ஏந்துவது நாம் தமிழர் கட்சி. கூட்டணியின்றித் தனித்தே நிற்கும் அக்கட்சியின் வாக்கு 2016-இல் ஒரு விழுக்காட்டையொட்டி இருந்தது. 2021-இல் ஆறரை விழுக்காட்டைத் தாண்டி, 2024 மக்களவைத் தேர்தலில் எட்டைக் கடந்தது. ஓரிடமும் வெல்லாமலே மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைத்தது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் தொகுதிகளில் அது தலா ஒரு இலட்சத்துக்கும் மேல் வாக்குப் பெற்றது. 2025 சூனில் அக்கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கித் தடையை மீறினார். இந்த வாக்குகள் கள்ளுக்கு விழுந்தவை என்று எண்ணுவது பிழை: அக்கட்சி தமிழ்த் தேசியம், நிலம், நீர் எனப் பலவற்றைப் பேசுகிறது. ஆனால் கள்ளைப் பேசியதால் அந்தத் தேர்தல்களில் வாக்கு குறைந்ததாகத் தெரியவில்லை. பாஜகவின் அண்ணாமலையும் கள்ளுக்கடை திறப்பதைப் பேசத் தொடங்கியது, கோரிக்கை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்வதைக் காட்டுகிறது.

அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவில் இப்படித்தான் நடந்தது. கஞ்சா அனுமதியை முன்வைத்த கிராஸ்ரூட்ஸ் கட்சி 1986-இல் தோன்றியது. பின்னர் வந்த லீகல் மரிஜுவானா நவ் கட்சி 2018-இல் மாநில அளவிலான ஒரு பதவிக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று முதன்மைக் கட்சி நிலையை எட்டியது. 2023-இல் சட்டத்தை நிறைவேற்றியது ஜனநாயகக் கட்சி அரசு. சிறு கட்சிக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. தாய்லாந்து வேறொரு பாடம் தருகிறது. பூம்சாய்தாய் கட்சி 2019-இல் கஞ்சா வளர்ப்பை நாட்டுப்புறக் குடும்பத்தின் வருமானமாக, வீட்டுக்கு ஆறு செடி என்ற கணக்கில் முன்வைத்தது. 51 இடங்களை வென்று கூட்டணி அரசில் சுகாதாரத் துறையைப் பெற்று, 2022 சூனில் தடையை நீக்கியது. ஒழுங்குமுறைச் சட்டம் பின்தொடராததால் கடைகள் பெருகி, 2025-இல் விதிகள் மீண்டும் இறுகின. யாருக்கு வருமானம் என்ற கேள்விக்கு எளிய விடை வைத்திருந்ததால் அக்கட்சி வென்றது. எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதற்கு விடை இல்லாததால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. படுகையில் கள் பேசுபவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வியில்தான் தஞ்சாவூரின் தனித்தன்மை இருக்கிறது. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதி நெல்லோடு தென்னையையும் நம்பியது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அங்கே தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. மறுபடி நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். கள் அனுமதி கேட்கும் உழவர் இந்த இழப்பையும் தேங்காய் விலையின் ஏற்ற இறக்கத்தையும் முன்வைக்கிறார். நியாயமானதே. ஆனால் இரு தொழில்களின் உழைப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். தேங்காய்க்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏறினால் போதும்; வருமானத்தின் பெரும்பகுதி தோப்புக்காரருக்கு. கள்ளுக்குக் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் சீவி, கலயம் மாற்ற வேண்டும். சில மரங்களே ஒருவருக்கு முழுநேர வேலை. மரம் ஒருவருடையது, கள்ளை உண்டாக்குவது மரமேறியின் கை. பனையின் பருவம் தை, மாசியில் தொடங்கி ஆனிவரை நீள்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி சனவரி 28-இல் மூடி சூன் 12-இல் திறக்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை இல்லாத மாதங்கள் ஏறக்குறைய அவையே. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் கூலி நாட்களைச் சுருக்கிவிட்ட ஊர்களில் இந்தப் பொருத்தம் சிறிய செய்தியல்ல. ஆனாலும் நிலமற்ற தொழிலாளியைப் பார்த்து இதைச் சொல்லிய தேர்தல் அறிக்கையைக் காண்பது அரிது.

கேரளம் நேர்மாறானது. திருச்சூர் மாவட்டத்து அந்திக்காடு முதலிய இடங்களில் 1940-களிலேயே கள் இறக்குவோர் சங்கமாகத் திரண்டனர். அங்கே கள் ஒரு கூலிப் பிரச்சினையாக, இடதுசாரித் தொழிற்சங்கத்தின் அடித்தளமாக வளர்ந்தது. 1969-இல் கள் தொழிலாளர் நலநிதிச் சட்டமே வந்தது. மதுவை எதிர்க்கும் எந்த அரசும் அங்கே முதலில் அந்தத் தொழிலாளிக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சைக்கும் தொழிலாளர் இயக்க மரபு உண்டு: 1943 முதல் பி. சீனிவாசராவ் கட்டிய விவசாய இயக்கம் சாட்டையடி, சாணிப்பால் புகட்டல் ஆகிய தண்டனைகளுக்கு எதிராக எழுந்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகும் அது அழியவில்லை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 2019-இலும் 2024-இலும் வென்றது. ஆனால் 1987-இன் தடைக்கு வெகுமுன்பே, 1948-இல் மாநிலம் முழுதும் மதுவிலக்கு வந்து பின்னர் சில காலமே தளர்ந்ததால், தஞ்சைத் தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்ற காலத்தில் கள் சட்டபூர்வமான தொழிலாக இல்லை. அதனால் கள் அதன் பட்டியலில் ஏறவில்லை. வெகுகாலம் கழித்து உழவர் சங்கங்கள் கேட்கத் தொடங்கியபோது, அது தோப்புக்காரரின் குரலாகவே ஒலித்தது.

சிறு கட்சிகள் ஏந்தும் கள் கோரிக்கைக்கு எழும் மறுப்புகளில் முதலாவது, வாக்குப் பிரிப்பு. வெல்லாத கட்சிக்கு வாக்களிப்பது எதிர்த்தரப்பை வெல்ல வைக்கும் என்பது பொய்யல்ல. மின்னசோட்டாவில் 2020-இல் கஞ்சாக் கட்சிப் பெயரில் சிலரை எதிரணியினரே நிற்கத் தூண்டியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் இரு பெரிய அணிகளும் ஒரு பொருளைப் பேச மறுக்கும் இடத்தில், அதைக் கேட்பவருக்கு வேறு வழி எது?

பெண்களின் மறுப்பு இதைவிட வலியது. கூலியைக் குடி தின்பதை நேரில் பட்டவர்களின் சொல் அது. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கையே அரசின் குறிக்கோளாக வைக்கிறது. கள்ளும் மதுவே. அதை மருந்து என்றும் முழு உணவு என்றும் சொல்லி இந்த அச்சத்தைத் தீர்க்க முடியாது. நல்லசாமியின் வாதம் இங்கே தளர்கிறது. இருக்கும் கடைகளோடு கள்ளுக்கடையையும் சேர்த்தால் குடி கூடவே செய்யும். எனவே ஒரு டாஸ்மாக் கடையை மூடிய ஊரில் மட்டும், ஊராட்சியின் கிராமசபை ஒப்புதலோடு கள் என்ற நிபந்தனை கோரிக்கையிலேயே இருக்க வேண்டும். வேட்பாளர்களில் பாதிப்பேரைப் பெண்களாக நிறுத்தும் நாம் தமிழர் கட்சிக்கு இந்த வாதத்தைப் பெண்களிடம் வைக்கும் வாய்ப்பு இருக்கிறது.

கலப்படம் பற்றிய அச்சமும் பொருட்படுத்தத் தக்கது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கூறச் சான்றில்லை. கேரளத்திலும் கலப்படக் கள் பிடிபட்டதுண்டு. மரத்தின் எண்ணிக்கைக்கும் விற்பனை அளவுக்கும் தொடர்பு அறும்போதுதான் கலப்படம் நுழைகிறது. கள்ளுக்கடையை ஏலம் எடுத்தவர் மரத்தையும் பார்ப்பதில்லை, மரமேறியையும் பார்ப்பதில்லை. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்ட நிர்வாகத்தில் மரத்துக்கு எண்ணிட்டு மர வரி விதிக்கும் முறை இருந்தது. ஏலக்காரரை விலக்கி, எண்ணிட்ட மரத்துக்கு மரமேறியின் பெயரிலேயே உரிமம் தந்தால் எந்தக் கலயம் எந்த மரத்தது என்று கேட்க முடியும். 2017-க்குப் பின் வந்த நீரா (புளிக்காத பாளைச்சாறு) அனுமதி இதைச் செய்யவில்லை. அது தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குப் போனது, குளிர்பதன வசதியை வேண்டியது, மரமேறியின் கைக்கு எட்டாத தொழிலானது.

கடைசி மறுப்புக்கு எளிய விடை இல்லை. பனையேறுதல் ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்டிருந்த தொழில். அதை விட்டு மேலேறவே நாடார் சமூகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டது. 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கள் இறக்குவதைக் கைவிடச் சொன்னதும் அதற்காகவே. புதிய தமிழகம் கட்சியின் க. கிருஷ்ணசாமி போன்றோர் கள்ளைக் கடுமையாக எதிர்க்கின்றனர். வழிவழித் தொழில் என்ற பெருமிதப் பேச்சு இந்த வரலாற்றின்மேல் கால் வைக்கிறது. தமிழ்த் தேசிய மேடையில் அது மிகுதியாகவே கேட்கிறது. உரிமம் சாதி பாராமல் பயிற்சி பெற்ற எவருக்கும் கிடைக்க வேண்டும், மரமேறும் கருவியும் விபத்துக் காப்பீடும் நலநிதியும் அதோடு வர வேண்டும், தோப்புக்காரருக்கு மர வாடகையும் இறக்குபவருக்கு விற்பனைப் பங்கும் சட்டத்திலேயே வகுக்கப்பட வேண்டும். இவை இல்லாத கள் அனுமதியைப் படுகையின் தொழிலாளி மறுத்தால் அந்த மறுப்பு சரியானதே. இவற்றை எழுதிச் சேர்க்க ஆட்சி வேண்டியதில்லை. தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் அடுத்து மனுத்தாக்கல் செய்யும் ஒரு சிறு கட்சி வேட்பாளரே தன் அறிக்கையில் எழுதலாம், விவசாயத் தொழிலாளர் சங்கங்களிடம் அதைக் கொண்டுபோய் அவர்களின் திருத்தங்களைக் கேட்கலாம்.