அர்சினோயே ஊரில் மூன்று நாட்கள்

ஞாயிறுதோறும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போது, தேவனுடைய ராஜ்யம் வரவேண்டும் என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறோம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில், அந்த ராஜ்யம் எப்போது வரும், எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குரல் நாலாகப் பிரிந்துவிடும். கிறிஸ்து திரும்பி வந்து எருசலேமிலிருந்து ஆயிரம் வருடம் ஆளுவார் என்பார் ஒருவர். ஆயிரம் வருடம் என்பது திருச்சபையின் காலம், அது இப்போதே நடக்கிறது என்பார் இன்னொருவர். சுவிசேஷம் உலகமெங்கும் பரவி நீதி பெருகிய பின்பே அவர் வருவார் என்பார் மற்றவர். அது மனிதர் உள்ளத்தில் நடக்கும் ஆளுகை, கணக்குப் பார்ப்பது வீண் என்பார் நாலாமவர். மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை, தென்னிந்திய திருச்சபை, பெந்தெகொஸ்தே சபை என்று பல வீடுகளிலிருந்து வந்து ஒரு கூரையின் கீழ் கூடியிருக்கும் நமக்குள் இது இருப்பது இயல்புதான். ஆனால் இதே கேள்வியால் குடும்பங்கள் சபையை விட்டுப் போனதையும் நம்மில் பலர் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஆகவே நம் ஆண்டு விழா மலரில், இந்த விவாதம் ஆதித் திருச்சபையில் எப்படி நடந்தது என்று சொல்ல விரும்புகிறேன். குறிப்பாக, எகிப்து நாட்டின் ஒரு நகரத்தில் நடந்த மூன்று நாள் கூட்டத்தைப் பற்றி.

கேள்வி சீஷரிடமே தொடங்கியது. உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் அவர்கள் கேட்டதே, இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை இந்தக் காலத்தில்தானா திரும்பக் கொடுப்பீர் என்பதுதான் (அப்போஸ்தலர் 1:6). காலங்களை அறிவது உங்களுக்குரியதல்ல என்ற கருத்தில் பதில் சொல்லி, அவர்களைச் சாட்சிகளாக அனுப்பினார். பின்பு வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரம், 2 முதல் 7 வரையுள்ள வசனங்களில் ஆயிரம் வருடம் என்று ஆறு முறை சொல்கிறது. அந்த ஆறு வசனங்களைச் சுற்றித்தான் பெரும்பகுதி விவாதமும் நடந்திருக்கிறது.

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் பலர் அதை நேர்ப்பொருளாகவே எடுத்தார்கள். எராப்போலி ஊர் ஆயரான பாப்பியாஸ், வரப்போகும் ராஜ்யத்தில் ஒவ்வொரு திராட்சைக்கொடியும் பத்தாயிரம் கிளை விடும், ஒவ்வொரு பழமும் இருபத்தைந்து அளவு ரசம் தரும் என்ற பழைய போதனையை எழுதிவைத்தார். நாலாம் நூற்றாண்டின் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு, இதற்காகவே பாப்பியாஸை அறிவு குறைந்தவர் என்று தள்ளினார். ஆனால் பாப்பியாஸை மதித்தவர்களில் லியோன் நகரத்து ஆயர் இரேனியு போன்ற பெரியவரும் இருந்தார். இரேனியுவின் சபை 177ஆம் ஆண்டில் கொடிய உபத்திரவத்தில் சிக்கியது. அவருக்கு முன்பிருந்த ஆயர் பொத்தினு, தொண்ணூறு வயது கடந்தவர், அதில் இறந்தார். இன்னொரு பக்கம், உடலும் மண்ணும் தீயவை, அவற்றிலிருந்து தப்புவதே மீட்பு என்று போதித்த ஞானவாதக் கூட்டத்தார் இருந்தார்கள். இரேனியு அவர்களை எதிர்த்தார். நீதிமான்கள் எந்தப் பூமியில் பாடுபட்டார்களோ அந்தப் பூமியிலேயே பலனைப் பெறுவதுதான் நியாயம் என்பது அவர் வாதம். நேர்ப்பொருள் கொண்டவர்களை வெறும் பாமரர் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். தேவன் படைத்த உலகம் நல்லது என்பதைக் காப்பாற்றவே அவர் அப்படிப் பேசினார்.

அதே நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி எழுதியதும் முக்கியமானது. தானும் வேறு பலரும் எருசலேமில் ஆயிரம் வருட அரசாட்சியை எதிர்பார்ப்பதாகச் சொல்கிறார். உடனே, தூய விசுவாசமுள்ள கிறிஸ்தவர்களில் அப்படி நினைக்காதவர்களும் அநேகர் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே ஆதிச் சபை முழுவதும் ஒரே கொள்கையில் இருந்தது என்று எந்தக் கட்சியும் சொல்லமுடியாது.

நாள் குறிப்பதில் இருந்த ஆபத்தையும் அக்காலத்தவர் கண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போலித்து, தானியேல் புத்தகத்துக்கு எழுதிய விளக்கத்தில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சீரியா நாட்டில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ள வாருங்கள் என்று பெண்களையும் பிள்ளைகளையும்கூட வனாந்தரத்துக்கு அழைத்துப்போனார். அவர்கள் மலைகளில் வழிதெரியாமல் அலைந்தார்கள். தேசாதிபதி அவர்களைக் கொள்ளைக்காரராக எண்ணிக் கொன்றிருப்பார். விசுவாசியான அவருடைய மனைவி பரிந்து பேசியதால் தப்பினார்கள். பொந்து நாட்டில் இன்னொரு தலைவர், தான் கண்ட சொப்பனங்களை நம்பி, ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்றார். சனங்கள் நிலத்தை உழாமல் விட்டார்கள், மாடுகளை விற்றார்கள். வருடம் முடிந்தது. வேதமே பொய்யோ என்ற கலக்கம்தான் மிஞ்சியது.

இந்தப் பின்னணியில் அலெக்சந்திரியா நகரத்து ஒரிகன், வேதத்தின் வாக்குத்தத்தங்களை உருவகப் பொருளில் விளக்கினார். வரும் உலகத்திலும் உண்பதும் குடிப்பதும்தான் இன்பம் என்று எண்ணுவது தேவனுடைய வார்த்தைக்குத் தகாது என்றார். படித்தவர்கள் நிறைந்த பெருநகரத்தில் இது பரவியது. எகிப்தின் கிராமங்களுக்கு இது பிடிக்கவில்லை. நேபோஸ் என்ற ஆயர், உருவகக்காரருக்கு மறுப்பு என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதி, ஆயிர வருட அரசாட்சி பூமியில் நடக்கும் என்று வாதாடினார். அர்சினோயே பகுதி இன்று பாயூம் எனப்படும் செழிப்பான வயல் நாடு. எகிப்தின் கோதுமை கப்பல் கப்பலாக ரோமாபுரிக்குப் போன காலம் அது. நீதியுள்ள அரசர் ஒருவர் இந்த மண்ணிலேயே ஆளுவார் என்ற போதனை, அந்தக் கோதுமையை விளைவித்த கைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். நேபோஸ் இறந்த பின்பு அவருடைய நூலை மறுக்கமுடியாத சான்றாகச் சிலர் தூக்கிப்பிடித்தார்கள். சபைகள் முழுவதுமாகவே பிரிந்து போயின.

அப்போது அலெக்சந்திரியாவின் ஆயராக இருந்தவர் தியொனீசியு, ஒரிகனிடம் படித்தவர். ஒரு கட்டளை எழுதி அனுப்பி, இணங்காதவர்களைத் தள்ளிவைத்திருக்கலாம். அவர் தாமே அர்சினோயேக்குப் போனார். கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டினார். விரும்பிய சகோதரர் யாவரும் வந்து கேட்கலாம் என்று இடங்கொடுத்தார். நேபோஸின் நூல் நடுவில் வைக்கப்பட்டது. மூன்று நாள், விடியற்காலை தொடங்கி மாலைவரை, அந்த நூலில் எழுதப்பட்டதை அவர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றித் தியொனீசியு எழுதியதை யூசேபியு தம் சபை வரலாற்றின் ஏழாம் புத்தகத்தில் பாதுகாத்திருக்கிறார். அதில் தம் திறமையைத் தியொனீசியு மெச்சிக்கொள்ளவில்லை. கிராமத்துச் சகோதரரின் பொறுமையையும், உண்மையை நாடிய மனதையும், ஒழுங்காகக் கேள்வி கேட்டதையும் மெச்சுகிறார். ஒருமுறை சொல்லிவிட்டோம் என்பதற்காக யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. எதிர்க்கேள்விகளை யாரும் தட்டிக்கழிக்கவில்லை. நியாயம் தெளிவானபோது கருத்தை மாற்ற வெட்கப்படவில்லை என்கிறார். மூன்றாம் நாள் முடிவில் எதிர்க்கட்சித் தலைவரான கொராக்கியோன், இனி அந்தப் போதனையைப் பற்றிக்கொள்வதோ போதிப்பதோ இல்லை என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார். மற்றவர்களும் ஒருமனப்பாட்டில் மகிழ்ந்தார்கள்.

இறந்துபோன நேபோஸைப் பற்றித் தியொனீசியு பேசிய விதமும் கவனிக்கத்தக்கது. அவருடைய விசுவாசம், உழைப்பு, வேதப்படிப்பு ஆகியவற்றுக்காகவும், அவர் தந்த பாட்டுகளுக்காகவும் தாம் அவரை நேசிப்பதாக எழுதினார். அந்தப் பாட்டுகளில் சகோதரர் பலர் இன்னும் மகிழ்கிறார்கள் என்றும் சேர்த்தார். கொள்கையை மறுத்தாலும் அந்தப் பாட்டுகளை அவர் பழிக்கவில்லை.

இதற்குப் பின் அவர் வாக்குத்தத்தங்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்க நடையை யோவான் சுவிசேஷத்தின் நடையோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே யோவான் எழுதியிருக்கமுடியாது என்றார். ஆனாலும் நூலைத் தள்ளவில்லை. சகோதரர் பலர் மதிக்கும் நூலைத் தள்ளத் துணியமாட்டேன், எனக்கு விளங்காததை விளங்காது என்பதற்காகக் குறைசொல்லமாட்டேன் என்பது அவர் நிலை. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 367இல், அதே அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியு புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை வரிசைப்படுத்தியபோது, வெளிப்படுத்தின விசேஷத்தையும் சேர்த்தார்.

விவாதம் அர்சினோயேயில் முடிந்துவிடவில்லை. தொடக்கத்தில் நேர்ப்பொருளை நம்பிய அகஸ்தீன், பின்பு மனம் மாறி, கிறிஸ்துவின் முதல் வருகையிலிருந்து நடக்கும் திருச்சபையின் காலமே அந்த ஆயிரம் வருடம் என்று தேவனுடைய நகரம் என்ற நூலின் இருபதாம் புத்தகத்தில் எழுதினார். மேற்குச் சபைகளில் நெடுங்காலம் அதுவே நிலைத்தது. நாள் குறிக்கும் ஆசையும் போகவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22இல் காத்திருந்து ஏமாந்தார்கள். திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து அங்கிலிக்கன் குருவான யுஸ்து யோசேப்பு, 1875இல், ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது.

நம் யாழ்ப்பாணத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் தாய்ச்சபைகளில், சுவிசேஷம் உலகெங்கும் பரவுவதால் சமாதானத்தின் ஆயிரம் வருடம் உதிக்கும், அதன் பின் கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி எழுந்தது. 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். பிற்காலத்தில், உலகம் மேலும் கெடும், கிறிஸ்து முதலில் வருவார், பின்பே ஆயிரம் வருடம் என்ற போதனை டார்பி வழியாகவும் 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் வழியாகவும் உலகெங்கும் பரவி நம்மிடமும் வந்தது. அந்தப் போதனையும் ஆயத்தமாயிருக்கும் பக்தியையும் ஊழிய வைராக்கியத்தையும் தந்தது. இன்று நம் வீடுகளில் இரண்டும் இருக்கின்றன, சில வேளை ஒரே வீட்டில்.

இங்கிலாந்தில் தாதியாகப் பயின்று, இருபது வருடத்துக்கு மேல் நோயாளர் அருகில் நின்றவள் என்ற முறையில் இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தியொனீசியு ஆயராக இருந்த காலத்தில் ஒரு கொள்ளைநோய் ரோம சாம்ராஜ்யத்தை வாட்டியது. அலெக்சந்திரியாவில் முன்பு நாற்பது முதல் எழுபது வயதுவரை இருந்தவர்களின் தொகையை, இப்போது பதினாலு முதல் எண்பதுவரை எண்ணினாலும் எட்டவில்லை என்று அவர் எழுதினார். அந்நாட்களின் பஸ்கா நிருபம் ஒன்றில், சகோதரர் தங்கள் உயிரைப் பாராமல் நோயாளரைப் பார்த்ததையும், தொற்று தங்களைப் பிடித்ததையும், இறந்தவர்களின் கண்களை மூடி, உடலைக் கழுவி உடுத்தி, தோளில் சுமந்ததையும், பின்பு அதே பணிவிடையைத் தாங்கள் பெற்றதையும் விவரிக்கிறார். மூப்பர், உதவிக்காரர், சாதாரண விசுவாசிகள் என்று பலர் அப்படி மரித்தார்கள். அந்த மரணம் இரத்தசாட்சியின் மரணத்துக்குக் குறைந்ததல்ல என்று அவர் எண்ணினார். ராஜ்யம் எப்போது என்பதைப் பற்றி அவர்களுக்குள் எத்தனை கருத்து இருந்திருந்தாலும், நோயாளருக்குத் தண்ணீர் கொடுக்க அந்தக் கருத்துகள் ஒத்துப்போகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

கொரோனா காலத்தில், கடைசிக் காலக் கணக்குகள் நம் கைப்பேசிகளில் வந்து குவிந்தன. ஆண்டவர் வரப்போகிறார், இனிப் படித்து என்ன பயன் என்று ஓர் இளம் தாதி மாணவி என்னிடம் கேட்டாள். பொந்து நாட்டில் உழாமல் விட்ட வயல்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவர் நாளைக்கு வந்தாலும், இன்றிரவு உன் பொறுப்பில் இருக்கும் நோயாளருக்கு மருந்து நேரத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

வரும் ஆண்டில் நம் வேதப்படிப்பு வட்டத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுப்பதாக மூப்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. அர்சினோயே கிராமத்தவரைப் போல நேரமெடுத்து, நூலை நடுவில் வைத்து, எல்லோரையும் கேட்கவிட்டு ஆராய்வோம். மனம் மாறுகிறவரைத் தோற்றவர் என்று சொல்லாதிருப்போம். மாறாதவர் அடுத்த ஞாயிறும் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடட்டும்.